நிமிர்த்திக் கிடத்தவும்

அன்று பிற்பகல் செல்வமலர் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கொதிநீர் கொஞ்சம் கூடிப்போய், மா உதிராமல் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. பால்பேணியின் தகர விளிம்பால் அதைக் கொத்திக் கொத்தி, மாவை விற்ற கடைக்காரனையும் தன் அவசரத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். கணவன் இரவிச்சந்திரன் வேலைக்குப் போயிருந்தான். பின்னறையில் கைக்குழந்தை துளசிகா நித்திரை. மகப்பேற்று விடுதித் தாதி காட்டிக்கொடுத்தபடியே, குப்புற, ஒரு கன்னம் மெத்தையில் பட, கிடத்தப்பட்டிருந்தாள். அப்படிக் கிடத்தினால் பிள்ளை பால் கக்கினாலும் மூச்சில் ஏறாது என்று தாதி சொல்லியிருந்தாள். ஊரில் பிள்ளைகளை நிமிர்த்தித்தானே கிடத்துவோம் என்று செல்வமலர் கேட்டதற்கு, இது ஊரில்லை என்று சிரித்த முகத்தோடுதான் பதில் வந்தது.

பிள்ளை இவ்வளவு நேரம் படுக்கிறதில்லையே என்று நினைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அந்த மாவைப் பிறகு யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நித்திரையிலேயே பிள்ளையின் மூச்சு நின்றுபோவதற்கு டொக்டர்மார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய பிழையுமில்லை என்றார்கள். யாருடைய பிழையுமில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இருக்கவில்லை.

இது நடந்தது தொண்ணூற்றிரண்டில். தொண்ணூற்றைந்தில் அவளுக்கு மொன்றியலின் ழோன்-தலோன் தெருவில், ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்த சமூக நிலையத்தில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. ஊரில், சுன்னாகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் மேசை வேலை அதுதான். வீட்டில் வைத்து அயலாரின் பிள்ளைகளைப் பராமரிக்கிற பெண்களுக்கு நிலையம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்த இருந்தது. அதற்கான கைந்நூலைத் தமிழுக்கு அவள் மாற்ற வேண்டும். அம்ஹாரிக்குக்கு மாற்ற யெஷி என்ற எதியோப்பியப் பெண். இரண்டு பேருக்கும் ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு ஹீட்டர். ஹீட்டர் வேலை செய்தால் கொம்பியூட்டர் நின்றுவிடும்.

கைந்நூலைப் பற்றி என்ன சொல்வது. ஒன்ராறியோவில் யாரோ எழுதி, அங்கேயிருக்கிற ஒரு பதிப்பகம் அச்சிட்டு, மொன்றியலில் பிரெஞ்சு பேசுகிற ஒரு பெண்ணால் வாங்கப்பட்டு, தமிழுக்கும் அம்ஹாரிக்குக்கும் போகிற புத்தகம். அந்தப் பிரெஞ்சுப் பெண்தான் பொறுப்பாளர் லொறேன். நல்ல மனுசி. காலையில் வந்ததும் எல்லோருக்கும் பொன்ஜூர் சொல்லி, கோப்பி போட்டு, பிறகு மாலைவரை எல்லோரையும் பைத்தியமாக்குவாள். பனிக்கால உடுப்பைப் பிள்ளைக்கு எப்படிப் போடுவது என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாய் இருந்தது. சிப்பை எங்கே பூட்டத் தொடங்கி எங்கே முடிப்பது, கையுறை முதலா தொப்பி முதலா, பிள்ளை அழுதால் என்ன சொல்வது. பிள்ளைக்குத் தீத்தக் கூடாது, தானே அள்ளிச் சாப்பிட விட வேண்டும் என்று ஒரு முழு அத்தியாயம். அதைப் படித்துவிட்டு யெஷி பேனையை மேசையில் போட்டாள். தங்கள் ஊரில் வளர்ந்த ஆளுக்கே கையால் ஊட்டிவிடுவார்கள், அது மரியாதை, இதை நான் எந்த முகத்தோடு எழுதுவது என்றாள். நானும் அதே முகத்தோடுதான் எழுதுகிறேன் என்றாள் செல்வமலர்.

இதைவிட மோசம் வேலை செய்கிற முறை. அவர்கள் எழுதியதை, வெளியில் இருக்கிற இன்னொருவர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்க்காமலே திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார். லொறேன் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசமான இடமெல்லாம் சிவப்பால் கோடு போடுவாள். தமிழும் அம்ஹாரிக்கும் தெரியாத ஒருத்திக்கு வேறு வழியில்லைதான். ஆனால் 'மெதுவாக' என்று எழுதினால் ஆங்கிலத்தில் 'ஆறுதலாக' என்கிற மாதிரித் திரும்பி வரும், அதற்கொரு கோடு. திரும்ப மாற்றுகிறவர் யார் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியக் கூடாது, அவருக்கும் இவளைத் தெரியக் கூடாது என்பது விதி. மொன்றியலில் அந்த வேலைக்கு ஆங்கிலம் போதுமான தமிழர் எத்தனை பேர்? வில்லரேப் பகுதியில் இருக்கிற பேனாட் மாஸ்டர்தான் என்று செல்வமலருக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவருடைய ஆங்கிலம் அப்படி. பழைய அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும்.

முப்பத்தோராம் பக்கம் பங்குனியில் வந்தது. கைக்குழந்தைகளின் நித்திரை. குழந்தையை எப்போதும் குப்புறக் கிடத்த வேண்டும், அதுவே பாதுகாப்பானது என்று இரண்டே வரி.

அவள் அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழும்பி, குளிர்க் கோட்டைக்கூடப் போடாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனாள். தடுப்பூசி அறைக் கதவில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் பார்க்காமல் கடந்துபோகிற படம். பிள்ளையை நிமிர்த்திக் கிடத்துங்கள் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. துளசிகாவுக்கு அது ஒரு வருடம் பிந்தி வந்த படம்.

லொறேனிடம் போய்ச் சொன்னாள். லொறேனுக்கும் அந்தப் படம் தெரிந்தேயிருந்தது. ஆனால் பதிப்பகம் தந்த அனுமதி மொழிபெயர்க்க மட்டும்தானாம். ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாதாம். மாற்றினால் வழக்கு வருமாம். செல்வமலர் அடுத்த கிழமையும் போனாள். அதற்கடுத்த கிழமை படத்தையே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். லொறேன் அதைக் கவனமாய் வாசித்து, தலையாட்டி, ஒரு கோப்பில் வைத்தாள். உள்ளடக்கம் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பல்ல, நீங்கள் இதற்காக மனதை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று தோளில் தட்டினாள். தட்டிய கையைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது.

வீட்டில் இரவிச்சந்திரனுக்கும் விசயம் தெரிந்தது. அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான். மூன்று வருடமாய் அந்தப் பேச்சு அவர்களுக்குள் வராமல் பார்த்துக்கொண்டவன் அவன்.

"உந்தப் பக்கத்தை வேறை ஆரிட்டையும் குடுமன்."

"குடுத்தா அவை குப்புற எண்டு எழுதுவினம்."

"எழுதட்டும். நீர் எழுதேல்லை எண்டாக் காணாதோ?"

"காணாது."

"இஞ்சாரும் மலர், உலகத்திலை இருக்கிற பிள்ளையள் எல்லாத்தையும் உம்மாலை நிமித்தேலாது."

அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அதில் என்ன போனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் அவள் முப்பத்தோராம் பக்கத்தை எழுதினாள். குழந்தையை எப்போதும் நிமிர்த்திக் கிடத்தவும். அதுவே பாதுகாப்பானது. எழுதி, அச்செடுத்து, மற்றப் பக்கங்களோடு உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஒரு கிழமை கழித்து வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, செல்வமலரே?"

"ஓம் மாஸ்டர்."

"உம்மடை பேர் எனக்குத் தெரியக் கூடாதாம். அதாலை நான் உம்மோடை கதைக்கேல்லை எண்டு வச்சுக்கொள்ளும்."

"சரி மாஸ்டர். நானும் கதைக்கேல்லை."

பேனாட் மாஸ்டர் செருமினார். "நித்திரைப் பக்கம் ஒண்டு வந்தது. மூலத்திலை என்ன கிடக்கு?"

"அது நீங்கள் கேக்கக் கூடாது மாஸ்டர்."

"ம். அப்ப விளங்கீற்றுது."

துளசிகாவின் சின்னப் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது, பனி விழுகிற நாளில், வயதையும் பார்க்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்றவர் அவர்.

"நீர் என்ன எழுதினீரோ அதைத்தான் நான் எழுதியிருக்கிறன், பிள்ளை. ஒரு எழுத்துக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. அவள் கண்டுபிடிப்பாள். உமக்கு வேலை போனாலும் போகும். சொல்லாமல் விடக் கூடாது எண்டு எடுத்தனான்."

லொறேன் கண்டுபிடித்தாள். பக்கம் முழுக்க ஒரே சிவப்பு. செல்வமலரை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளர் இப்படி நேரெதிராய் எழுதலாமா என்று கவலையோடு கேட்டாள். செல்வமலர் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னாள். லொறேன் திரும்பவும் கமாவைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தராவிட்டால் பக்கத்தை வெளியில் கொடுத்துச் செய்விக்க வேண்டிவரும், பிறகு வேலையைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும் என்று மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னாள்.

மேசைக்குத் திரும்பி வந்து, யெஷியிடம் முப்பத்தோராம் பக்கத்துக்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்ததைத்தான், வயிற்றில் கிடத்தச் சொல்லி, என்றாள் யெஷி. எழுதும்போது தனக்கும் சிரிப்பு வந்தது, தன் அம்மா எல்லாப் பிள்ளைகளையும் நிமிர்த்தித்தான் படுக்க வைத்தாள், ஆனால் வெள்ளைக்காரருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றாள். பிறகு செல்வமலரின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்தில் உனக்கு என்ன இருக்கிறது? ஒரு மாதமாய் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்."

செல்வமலர் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னது ஒரு விதத்தில் இலகுவாயிருந்தது. பிட்டு மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாமானுக்கு ஆங்கிலத்தில் சொல்லுமில்லை. எனக்கொரு மகள் இருந்தாள், இப்படித்தான் கிடத்தச் சொன்னார்கள், கிடத்தினேன் என்று மட்டும் சொன்னாள்.

யெஷி அழவில்லை. கோபப்பட்டாள். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை, ஒரே ஹீட்டரில் குளிர் காய்ந்துகொண்டு இருக்கிறோமே, நான் அதை எழுதும்போது நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாயா என்று கேட்டாள். லொறேனுக்காவது சொல்லித் தொலைத்தாயா என்றாள்.

"இல்லை."

"ஏன்?"

"பாவம் பார்த்து மாற்றிவிட்டுப் போவாள். எனக்கு அது வேண்டாம். பிழை என்று மாற்ற வேண்டும்."

யெஷி தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். அது வாழ்த்து இல்லை என்று தெரிந்தது. பிறகு மேசை லாச்சியை இழுத்து, வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு பேருக்கும் தந்த வேலைமுறைக் குறிப்பை எடுத்தாள். தடித்த கட்டு. அந்த இரண்டு பேரில் அதை முழுதும் வாசித்தவள் யெஷிதான். அடிஸ் அபாபாவில் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை பார்த்தவள், எதைத் தந்தாலும் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவாள். விரலை ஓரிடத்தில் வைத்துக் காட்டினாள். ஒரே இடத்தில் இரண்டு மொழிகள் ஒரே விதமாய் மூலத்தோடு மாறுபட்டால், மூலப்பிரதியைப் பதிப்பகத்தோடு சரிபார்க்க வேண்டும் என்று அங்கே இருந்தது.

செல்வமலர் அதை வாசித்துவிட்டு வேண்டாம் என்றாள். யெஷி தங்கையைக் கூப்பிடுவதற்குக் குடிவரவுக்கு எழுதியிருந்தாள். வேலை இருக்கிறது என்று காட்ட வேண்டும். இருவருக்கும் ஒரே நாளில் சீட்டுக் கிழிந்தால்?

"கிழிந்தால் மேசை மிச்சம். உன் பக்கத்தை நீ திருத்தாதே. வாயையும் திறக்காதே."

யெஷி எழும்பி நேரே லொறேனிடம் போய், தன் தாள்கட்டில் எழுத்துரு பழுதாகிவிட்டது, சில பக்கங்களில் எழுத்துகள் மாறி விழுந்திருக்கின்றன, திரும்ப அனுப்ப வேண்டும் என்றாள். அந்தக் காலத்தில் இதைவிட உறுதியான பொய் கிடையாது. தமிழ் எழுத்துரு நாளுக்கொரு தரம் உடைந்து கேள்விக்குறியும் வட்டமுமாய் வரும். அம்ஹாரிக் அதைவிட மோசம். லொறேனுக்கு நல்ல பக்கமும் உடைந்த பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மோன் தியூ என்று தலையில் கை வைத்து, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றே யெஷி அந்த வரியை மாற்றி எழுதினாள். அம்ஹாரிக்கைத் திரும்ப மாற்றுகிற, லவால் ஊரில் இருந்த ஆள் அதை ஆங்கிலமாக்கி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. செல்வமலர் திருத்தவில்லை. லொறேன் கேட்டபோது யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். லொறேனின் முகம் முதல் தடவையாய்க் கடுத்தது. திங்கட்கிழமை அறைக்குள் வாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை லொறேனின் மேசையில் அம்ஹாரிக்கின் ஆங்கிலம் கிடந்தது. அவள் சிவப்புப் பேனையோடு முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்து, கோடு போட்டு, நின்றாள். கோட்டைப் பார்த்தாள். தமிழ்க் கட்டை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டாள்.

இது என்ன என்று கேட்டாள். யெஷி ஒரு பச்சைப்பிள்ளையின் முகத்தோடு நின்றாள். இரண்டு மொழியிலும் ஒரே பிழையா, ஒரே சொல்லிலா என்று லொறேன் தனக்குத்தானே சொன்னாள். அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரே மேசையில் இருக்கிறவர்கள் என்று அவளுக்குத் தெரியாதா. ஆனால் அவளும் வேலைமுறைக் குறிப்பைக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டவள். செல்வமலரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு தொலைநகல் தாளொன்றை எடுத்து, பதிப்பகத்துக்கு எழுதத் தொடங்கினாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. முழுக் கடிதம்கூட இல்லை. அந்தப் பக்கம் தொண்ணூற்று மூன்றிலேயே மாற்றப்பட்டுவிட்டது, திருத்தத் தாள் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பப்பட்டது, உங்களுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டிருந்தார்கள். நிலையத்தில் எல்லோரும் தேடினார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் வந்த பெட்டியின் அடியில், பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள், அந்தத் தாள் கிடந்தது. பெட்டி அவ்வளவு நாளும் மொழிபெயர்ப்பாளர்களின் மேசைக்குக் கீழேதான் இருந்தது. குளிருக்கு யெஷி அதன்மேல் கால் வைத்துக்கொண்டு இருப்பாள்.

செல்வமலருக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து எறிய வேண்டும் போலவும் வந்தது. அனுமதி, வழக்கு, கமா என்று ஒரு பங்குனி முழுக்க அலைக்கழித்தார்களே. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சுடும்வரை அப்படியே நின்றாள். வெளியே வந்தபோது யெஷி வாசலில் நின்றுகொண்டு, கோப்பி ஆறிப்போகிறது என்றாள்.

வகுப்பு ஐப்பசியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. தமிழ்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். செல்வமலர் பக்கம் பக்கமாய் விளங்கப்படுத்தினாள். பனி உடுப்புப் பக்கங்களுக்கு எல்லோரும் சிரித்தார்கள். தீத்தக் கூடாது என்றதற்குச் சண்டைக்கே வந்தார்கள். முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது, ஆறு பிள்ளை வளர்த்த அல்போன்சம்மா கையைத் தூக்கினாள்.

"உதை நாங்கள் ஊரிலை செய்தனாங்கள்தானே பிள்ளை. உதுக்கும் ஒரு புத்தகமே?"

"ஓம் அம்மா. உதுக்குத்தான் புத்தகம்."

ஏழு மாத வயிற்றோடு முன்வரிசையில் இருந்த குணேஸ்வரிக்கு வேறு சந்தேகம். "அப்ப ஆசுப்பத்திரியிலை ஆரும் வேறை மாதிரிக் காட்டித் தந்தா, அக்கா?"

"இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும்."

"அவைக்குத் தமிழ் தெரியாதே."

வகுப்பு சிரித்தது. செல்வமலரும் சிரித்தாள். ஆனால் குணேஸ்வரியின் கதிரைக்குப் பக்கத்தில் போய், குனிந்து, அந்த வரியின்மேல் அவளுடைய விரலை எடுத்து வைத்தாள்.

"தெரியாட்டில் என்ன. காட்டும். பேந்து நீர் நினைச்சபடி கிடத்தும்."

குணேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் கை தன் கையை விட்டு எடுபடாமல் இருந்தது அவளுக்குப் புதினமாய் இருந்திருக்கும். தலையாட்டினாள்.

அச்சடித்த புத்தகம் ஒன்றைச் செல்வமலர் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். இரவிச்சந்திரன் வேலையால் வந்து, நின்றபடியே பக்கங்களைப் புரட்டி, தேட வேண்டிய இடத்தைத் தேடி எடுத்தான். வாசிக்க அதிகம் இல்லை. ஆனாலும் கன நேரம் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவுதானோ என்று கேட்டான். இவ்வளவுதான் என்றாள். அவன் புத்தகத்தை மூடாமல், திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனான். அன்று சாப்பிடும்போது தொலைக்காட்சியைப் போடவில்லை. துளசிகா கொட்டாவி விடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவாள், உமக்கு நினைவிருக்கோ என்று கேட்டான். நினைவிருக்கு என்றாள்.

வருட முடிவில் நிலையம் தனக்குக் காசு கொடுக்கிற அமைச்சுக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. அதில் மொழிபெயர்ப்பின் தரம் என்று ஒரு பகுதி. சிவப்புக் கோடு விழுந்த இடங்களை எண்ணிப் போட வேண்டும், காரணம் எழுத இடமில்லை. சின்னச் சின்னக் கோடுகளை லொறேன் பெரிய மனதோடு விட்டுவிட்டாள். பதிப்பகம் வரை போன முப்பத்தோராம் பக்கத்தை விட வழியில்லை என்று சொல்லி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வருடம் பதிவைத் திருத்தலாம் என்றாள். அடுத்த வருடம் லொறேன் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த அறிக்கை இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. தமிழ்: பிழை ஒன்று. அம்ஹாரிக்: பிழை ஒன்று. ஆங்கிலம்: பிழை இல்லை.